‘சைன்ஃபெல்ட்’ கடைசி இரண்டு சீசனில் சறுக்கியதா?

பழைய வண்ணாரப்பேட்டையில் நாங்கள் ஆடும் கேரம் கிளப்பில் அடைமழை நாளென்றால் போர்டு ஈரம் கோத்துக்கொள்ளும். எவ்வளவு பவுடர் போட்டாலும் காய் நகராது. அப்படிப்பட்ட நாளில் ஆட்டத்தை மூட்டை கட்டிவிட்டு, யாராவது ஒருவருடைய ஃபோனைத் தண்ணி டம்ளர் மேல் சாய்த்து வைத்து எதையாவது ஓடவிடுவோம். போன ஐப்பசியில் அப்படி ஓடியது ‘சைன்ஃபெல்ட்’ என்கிற பழைய அமெரிக்க காமெடித் தொடர். எட்டாவது சீசனில் பாதி போயிருக்கும். கிளப்பிலேயே மூத்தவரான அண்ணன் ஒருவர், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், தீர்ப்பு மாதிரி சொன்னார்: “ஏழோட எழுந்து போயிருக்கணும்பா. இனிமே இருக்கறது எல்லாம் வேஸ்ட்டு.”

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “அண்ணே, ரெட்ட போட்டுட்டு ஃபாலோவ கோட்டை விடற ஆளு நீங்க. முடிக்கறதப் பத்தி உங்களுக்கு இன்னா தெரியும்?” என்றேன். கேரமில் ரெட், அதாவது சிவப்புக் காயைப் போட்டால், கையோடு இன்னொரு காயையும் போட்டால்தான் அது செல்லும்; அதுதான் ஃபாலோ. எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் பதில் சொல்லவில்லை. ஸ்ட்ரைக்கரை விரலால் சுண்டிக்கொண்டே இருந்தார்.

அன்றைக்கு வாயடித்தேனே தவிர, அவர் சொன்னது அவ்வளவு லேசில் தள்ளக்கூடியதில்லை. உலகம் முழுக்க இந்தத் தொடரைப் பார்த்தவர்கள் கால் நூற்றாண்டுக்கும் மேலாக இதே விஷயத்துக்காகச் சண்டை போடுகிறார்கள். தொடரை உருவாக்கிய இருவரில் ஒருவர் ஏழாவது சீசன் முடிந்ததும் போய்விட்டார். எட்டும் ஒன்பதும் வேறு தினுசாக இருக்கின்றன. வேறு தினுசு என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. மட்டமா என்பதில்தான் தகராறு.

பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. நியூயார்க்கில் நாலு பேர். மேடையில் ஜோக் சொல்லிப் பிழைக்கும் ஜெர்ரி. அவனுடைய பால்ய நண்பன் ஜார்ஜ். வேலையும் நிற்காது, சொன்ன பொய்யும் நிற்காது. ஜெர்ரியின் பழைய காதலி எலேய்ன். எதிர்வீட்டு கிரேமர், என்ன வேலை செய்கிறான் என்று கடைசிவரை யாருக்கும் தெரியாது. இவர்கள் ஒரு காபிக் கடையில் உட்கார்ந்து பேசுவார்கள், வீட்டுக்குப் போய்ப் பேசுவார்கள், மறுபடி கடைக்கு வருவார்கள். அமெரிக்காவின் என்பிசி சேனலில் முதல் எபிசோடு 1989 ஜூலை 5 அன்று வந்தது. கடைசி எபிசோடு 1998 மே 14. மொத்தம் 9 சீசன், 180 எபிசோடு. ஜெர்ரி சைன்ஃபெல்டும் லாரி டேவிடும் சேர்ந்து உருவாக்கியது. ஜார்ஜ் என்பவன் ஏறக்குறைய லாரியேதான். கிரேமருக்கும் லாரியின் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர்தான் மூலம்.

தொடங்கும்போது இதை யாரும் மதிக்கவில்லை. சோதனைக்காகப் போட்டுக் காட்டிய பார்வையாளர்களுக்குப் பிடிக்கவில்லை. அந்த முதல் எபிசோடில் எலேய்னே கிடையாது. மேற்கொண்டு நான்கே நான்கு எபிசோடு எடுக்கச் சொன்னார்கள். அதற்கான பணமும் சிட்காம் எனப்படும் நகைச்சுவைத் தொடர்களின் பிரிவிலிருந்து வராமல் சிறப்பு நிகழ்ச்சிகளுக்கான பிரிவிலிருந்து வந்தது. இதில் ஒரு நன்மை. யாரும் பெரிதாக எதிர்பார்க்காததால் யாரும் பெரிதாக மூக்கை நுழைக்கவுமில்லை.

‘ஒன்றுமே நடக்காத தொடர்’ என்று இதற்கு ஒரு பெயர் உண்டு. தமிழ்நாட்டுக்காரர்களுக்கு இதில் என்ன புதுமை என்று எனக்கு எப்போதும் தோன்றும். அதே 1989 கோடையில்தான் கவுண்டமணியும் செந்திலும் ஒரு வாழைப்பழத்தை வைத்து நம்மைப் புரட்டிப் புரட்டிச் சிரிக்க வைத்தார்கள். ஒரு ரூபாய், இரண்டு பழம், ஒன்றைக் காணோம். அவ்வளவுதான் கதை. அதிலே பாடமும் இல்லை, பாசமும் இல்லை. லாரி டேவிட் தன் எழுத்தாளர்களுக்கு வைத்திருந்த சட்டமும் அதுதான்: யாரும் யாரையும் கட்டிப் பிடிக்கக் கூடாது, யாரும் எதையும் கற்றுக்கொள்ளக் கூடாது. அன்றைய அமெரிக்க சிட்காம்களில் கடைசி இரண்டு நிமிஷத்தில் அப்பா பிள்ளையைக் கட்டிக்கொண்டு புத்தி சொல்வது வழக்கம். அதை அடியோடு வெட்டினார்.

வடசென்னையில் வளர்ந்தவனுக்கு இந்தத் தொடர் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும், ஒரே ஒரு விஷயம் தவிர. கிரேமர் கதவைத் தட்டாமல் சடாரென்று உள்ளே வந்து ஃபிரிட்ஜைத் திறப்பான். ஸ்டுடியோவில் உட்கார்ந்திருப்பவர்கள் கை தட்டிச் சிரிப்பார்கள். எனக்கு முதலில் அது ஜோக் என்றே புரியவில்லை. நான் வளர்ந்தது எட்டுக் குடித்தனம் இருந்த ஸ்டோர் வீட்டில். கதவைத் தட்டிவிட்டு வருபவர் ஒன்று மீட்டர் கணக்கு எடுப்பவர், இல்லையென்றால் கடன் கேட்பவர். மற்ற எல்லோரும் கிரேமர்தான்.

சரி, மிச்சமெல்லாம் அப்படியே நம் தெருதான். 1992-இல் வந்த ஒரு எபிசோடு: ரோட்டோரம் காலியாக இருக்கும் ஓர் இடத்தில் ஜார்ஜ் காரை ரிவர்ஸில் விட்டுக்கொண்டிருக்கிறான். அதே நேரத்தில் இன்னொருவன் முன்பக்கமாக மூக்கை நுழைத்துவிட்டான். இடம் யாருக்கு? ரிவர்ஸில் வந்தவனுக்கா, நேராக வந்தவனுக்கா? தெருவில் போகிறவர் வருகிறவர் எல்லாம் கட்சி சேர்கிறார்கள். வந்த போலீஸ்காரர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு. ராத்திரியாகியும் இரண்டு காரும் பாதி உள்ளே பாதி வெளியே நிற்கின்றன. தண்ணி லாரிக்கு வரிசையில் குடத்துக்குப் பதில் கல்லை வைத்து இடம் பிடித்தால் அது செல்லுமா செல்லாதா என்று காலையில் ஆரம்பித்த பஞ்சாயத்து மத்தியானம்வரை போனதைப் பார்த்தவர்களுக்கு இது அமெரிக்கக் கதையாகவே தெரியாது. லாரியோடு சேர்ந்து அதை எழுதியவர் கிரெக் டேனியல்ஸ். பின்னால் ‘தி ஆபீஸ்’ தொடரை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தவர் அவரே.

அதற்கு ஒரு வருஷம் முன்னால், 1991 மே மாதத்தில், சீன ஹோட்டல் எபிசோடு. ஜெர்ரியும் ஜார்ஜும் எலேய்னும் சாப்பிடப் போகிறார்கள். மேஜை காலி இல்லை. “அஞ்சு நிமிஷம், பத்து நிமிஷம்” என்று வாசலில் நிற்பவர் சொல்லிக்கொண்டே இருக்கிறார். எபிசோடு முழுவதும் அந்த வாசலிலேயே நடக்கிறது. ஜார்ஜுக்கு ஒரு ஃபோன் பேச வேண்டும், பொது ஃபோனை எவனோ பிடித்துக்கொண்டிருக்கிறான். ஜெர்ரி தன் மாமாவிடம் பொய் சொல்லிவிட்டு வந்திருக்கிறான், தெரிந்த முகம் ஒன்று பார்த்துவிட்டது. எலேய்னுக்குப் பசி; யாரோ சாப்பிடும் தட்டிலிருந்து ஒன்றை எடுத்துத் தின்றுவிடலாமா என்று பார்க்கிறாள். கடைசியில் மூன்று பேரும் வெறுத்துப்போய்க் கிளம்பிய அடுத்த நொடி அவர்களைக் கூப்பிடுகிறார்கள். இதில் கதையே இல்லையே என்று சேனல்காரர்கள் முரண்டு பிடித்தார்கள். மாற்றச் சொன்னால் நான் போய்விடுவேன் என்றார் லாரி. அவர் ‘போய்விடுவேன்’ என்று சொன்னது அது ஒரு தடவை மட்டுமல்ல.

இந்த இரண்டு எபிசோடையும் இவ்வளவு விவரமாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இவற்றில் ஓடும் எண்ணெய் என்ன என்று பார்த்தால், கூச்சம். நம் ஊரில் சொல்லும் ‘மானம் போகுது’ என்கிற அந்தச் சின்ன மானம். பசி உயிர் போகிறது, ஆனால் அடுத்தவன் தட்டில் கை வைக்கக் கூச்சம். ஃபோன் பேசுபவனை அதட்டலாம், ஆனால் ஊர் பார்க்கும். கார் இடத்தை விட்டுக்கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போகலாம், ஆனால் இத்தனை பேர் முன்னால் எப்படி? விஷயம் கடுகு. முடிவும் கடுகு. நடுவில் அவர்கள் படும் அவஸ்தை மட்டும் மலை.

எழுத்து வேலை நடந்த முறையும் இதற்குத் தோதாக இருந்தது. எழுத்தாளர்கள் தங்களுக்கு நடந்த சங்கடங்களையே மூலதனமாகக் கொண்டுவந்து இருவரிடமும் சொல்ல வேண்டும். பிடித்தால் எழுதச் சொல்வார்கள். யார் எழுதினாலும் கடைசியில் லாரியும் ஜெர்ரியும் உட்கார்ந்து வரிக்கு வரி திருத்துவார்கள். ஆக, எந்த எபிசோடும் எங்கோ ஒருவருக்கு உண்மையில் உறுத்திய ஒரு முள்ளிலிருந்து தொடங்கியது.

1996 மே 16 அன்று ஏழாவது சீசன் முடிந்தது. ஜார்ஜுக்கு நிச்சயமாகியிருந்த சூசன், மலிவு விலையில் வாங்கிய கல்யாணப் பத்திரிகை உறைகளை நாக்கால் நக்கி ஒட்டி ஒட்டி, அந்தப் பசையின் விஷத்தில் செத்துப்போகிறாள். நண்பர்கள் ஆஸ்பத்திரியில் ஒரு நிமிஷம் திகைத்து நிற்கிறார்கள். பிறகு காபி சாப்பிடப் போகிறார்கள். அதோடு லாரி டேவிட் வெளியேறினார். முழுசாக இல்லை, ஜார்ஜின் முதலாளி ஸ்டைன்பிரென்னரின் குரல் அவருடையதுதான், அதை மட்டும் அப்புறமும் கொடுத்துக்கொண்டிருந்தார்.

மேற்பார்வை முழுக்க ஜெர்ரி தலையில் விழுந்தது. நடிக்கவும் வேண்டும், எழுதியதைத் திருத்தவும் வேண்டும். முதலில் பலியானது மேடை ஜோக். அதற்கு முந்தைய சீசன்களில் எபிசோடின் தொடக்கத்திலோ முடிவிலோ ஜெர்ரி மைக் முன்னால் நின்று அன்றைய விஷயத்தைப் பற்றி ஒரு நிமிஷம் பேசுவார். எட்டாவது சீசனிலிருந்து அது இல்லை. பலருக்கு அது போனதே தெரியவில்லை. எனக்கென்னவோ அதுதான் பெரிய இழப்பாகப் படுகிறது. “இன்றைக்கு இப்படி ஒன்று பார்த்தேன்” என்று ஒரு மனுஷன் சொல்லும் அந்த நிமிஷம், எவ்வளவு கிறுக்குத்தனமான கதையையும் தரையோடு கட்டிவைத்திருந்தது.

ஸ்பைக் ஃபெரஸ்டன், அலெக் பெர்க், ஜெஃப் ஷாஃபர், டேவிட் மாண்டல் போன்ற இளைய எழுத்தாளர்கள் கை ஓங்கியது. கெட்டிக்காரர்கள். கதையைப் பின்னுவதில் லாரியைவிட வேகம் என்றுகூடச் சொல்வேன். காட்சிகள் குட்டையாயின, எண்ணிக்கை கூடியது. நாலு பேருக்கு நாலு கதை, நாலும் கடைசி நிமிஷத்தில் ஒன்றோடொன்று போய் முட்டும். கேரமில் சொன்னால், நேராகப் போடக்கூடிய காயையும் நாலு பக்கக் கட்டையிலும் முட்டவிட்டுப் போடுவது.

பார்வையாளர் கணக்கை வைத்து இதை வீழ்ச்சி என்று சொல்ல முடியாது. ஆறாவது சீசனில் அமெரிக்காவின் முதலிடம். ஏழிலும் எட்டிலும் இரண்டாமிடம். ஒன்பதாவதில் மறுபடி முதலிடம். முதலிடத்தில் இருக்கும்போதே கடையைச் சாத்திய அமெரிக்கத் தொடர்கள் மொத்தம் மூன்றுதான். ‘ஐ லவ் லூசி’யும் ‘ஆண்டி கிரிஃபித் ஷோ’வும் மற்ற இரண்டு. கடைசி சீசனில் ஜார்ஜாகவும் எலேய்னாகவும் கிரேமராகவும் நடித்த மூவருக்கும் எபிசோடுக்கு ஆளுக்கு 6 லட்சம் டாலர் சம்பளம். பத்தாவது சீசனுக்கு வந்தால் எபிசோடுக்கு 50 லட்சம் டாலர் தருகிறோம் என்று சேனல் கேட்டும் ஜெர்ரி மறுத்துவிட்டதாக அப்போதே செய்தி வந்தது. கூட்டம் இன்னும் கேட்கும்போது மேடையை விட்டு இறங்கிவிட வேண்டும் என்கிற மேடைக்காரனின் கணக்கு அவருடையது.

விருதுகளை வைத்தும் ஒன்றும் பிடிபடாது. சிறந்த நகைச்சுவைத் தொடருக்கான எம்மி இதற்குக் கிடைத்தது ஒரே ஒரு தடவை, 1993-இல். 1994 முதல் 1998 வரை ஐந்து வருஷமும் அதை ‘ஃப்ரேசியர்’ அள்ளிக்கொண்டு போனது. அதாவது லாரி இருந்த நல்ல காலத்திலேயே அந்த ஒன்றுக்கு மேல் கிடைக்கவில்லை. ஆனால் ஒரு சின்னத் தடயம்: கிரேமராக நடித்த மைக்கேல் ரிச்சர்ட்ஸுக்கு 1997-இல், எட்டாவது சீசன் நேரத்தில், தன் மூன்றாவது எம்மி கிடைத்தது. அந்தக் கட்டத்தில் தொடர் யார் தோளில் ஏறி உட்கார்ந்தது என்பதற்கு இது ஒரு அடையாளம்.

ஒன்பதாவது சீசனைத் திறந்தால் கிரேமர் முகச்சவரத்துக்கு வெண்ணெய் பூசிக்கொள்கிறான். அதே கட்டடத்தில் குடியிருக்கும் நியூமனுக்கு அவனைப் பார்த்தாலே வறுத்த கோழி மாதிரி நாக்கில் எச்சில் ஊறுகிறது. இன்னொன்றில் குப்பையில் கிடந்த பழைய டிவி நிகழ்ச்சியின் செட்டைத் தூக்கி வந்து வீட்டுக்குள் போட்டு, வருகிறவர்களை எல்லாம் பேட்டி எடுக்கிறான். இன்னொன்றில் ஜார்ஜ் சிறுவயதில் ஆடி முதலிடம் பிடித்த ஒரு வீடியோ கேம் பெட்டியை, அவன் பெயரில் இருக்கும் ஸ்கோர் அழியாமல், வண்டிகள் பறக்கும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டு போகப் பார்க்கிறான். அந்த விளையாட்டே ஒரு தவளை ரோட்டைக் கடப்பதுதான் என்பதால் காட்சியை மேலிருந்து விளையாட்டு மாதிரியே எடுத்திருப்பார்கள். நான் இதைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன். ஆனாலும் பெட்டி நொறுங்கும்போது எனக்கு ஜார்ஜுக்காக வயிற்றில் ஒன்றும் பிசையவில்லை. சீன ஹோட்டல் வாசலில் பிசைந்தது.

இங்கேதான் அண்ணன் சொன்னதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். விஷயம் கடுகாக இருந்து முடிவு மலையாகிவிட்டது. நடுவில் இருந்த அவஸ்தை கடுகாகிவிட்டது. ஆட்களுக்குக் கூச்சம் விட்டுப்போயிற்று. கிரேமருக்கு என்றைக்குமே கூச்சம் கிடையாது, அதனால்தான் மற்ற மூவரின் கூச்சம் அவன் பக்கத்தில் பளிச்சென்று தெரிந்தது. கடைசியில் நாலு பேருமே கொஞ்சம் கொஞ்சம் கிரேமராகிவிட்டார்கள்.

ஒரு விஷயத்தில் எனக்குக் கோபமும் உண்டு. 1998-இல் வந்த ஓர் எபிசோடில் கிரேமரும் நியூமனும் கையால் இழுக்கும் ரிக்‌ஷாவை நியூயார்க்கில் ஓட்டத் திட்டம் போட்டு, இழுப்பதற்கு வீடில்லாத மனிதர்களைத் தேடுவார்கள். கிறுக்குத்தனம் என்கிற அளவில் சிரிப்பு வரும். ஆனால் கை ரிக்‌ஷாவை 1970-களின் தொடக்கத்தில் கருணாநிதி ஆட்சி ஒழித்த மாநிலத்திலிருந்து, அதை இழுத்துத் தேய்ந்தவர்களின் பேரப் பிள்ளைகள் இருக்கும் பேட்டையிலிருந்து பார்க்கும்போது, அந்தச் சிரிப்பு தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. பழைய லாரியாக இருந்தால் வண்டியில் ஏறி உட்கார்ந்தவனின் சங்கடத்திலிருந்து கதையைத் தொடங்கியிருப்பார் என்று நினைக்கிறேன்.

அண்ணனுடைய மீதிப் பாதியை ஒப்புக்கொள்ள முடியாததற்குக் காரணமும் அதே கடைசி இரண்டு சீசனில்தான் இருக்கிறது. 1997 நவம்பரில் வந்த கல்யாண எபிசோடை எடுத்துக்கொள்ளுங்கள். எலேய்னுக்குப் பிடிக்காத ஒருத்திக்கு இந்தியாவில் கல்யாணம். கடைசி நேரத்தில் பத்திரிகை வருகிறது. இது கூப்பிடுகிற பத்திரிகை இல்லை, ‘எப்படியும் வரமாட்டாய்’ என்று கணக்குப் போட்டு அனுப்பிய பத்திரிகை என்று எலேய்னுக்கு உறைக்கிறது. உடனே வீம்புக்கு டிக்கெட் எடுத்துவிடுகிறாள். நேரில் வந்து தட்டு வைத்துக் கூப்பிட்டானா, வாசலோடு நீட்டிவிட்டுப் போனானா, வாட்ஸ்அப்பில் தட்டிவிட்டானா என்பதை வைத்தே பத்து வருஷ உறவை முறிக்கிறவர்கள் நாம். இதைவிட நமக்குப் பழகிய கூச்சம் உண்டா? அதில் காட்டும் இந்தியா என்னவோ செட் போட்ட இந்தியாதான், அதைப் பேசாமல் விட்டுவிடலாம். ஆனால் எபிசோடு முழுவதையும் கடைசிக் காட்சியிலிருந்து முதல் காட்சிக்குப் பின்னோக்கி ஓட்டியிருப்பார்கள். சிரிப்பு முதலில் வரும், காரணம் பிறகு வரும். தந்திர வேலைதான், ஆனால் அடியில் முள் இருக்கிறது.

1997 ஜனவரியில் வந்ததும் அப்படியே. ஆபீஸ் கூட்டத்தில் ஜார்ஜ் இறாலை வாரி வாரித் தின்கிறான். “கடல்லேர்ந்து ஃபோன் வந்துச்சு, இறால் தீர்ந்துபோச்சாம்” என்கிற மாதிரி ஒருவன் கிண்டல் அடிக்கிறான். ஜார்ஜுக்கு அந்த இடத்தில் பதில் வரவில்லை. காரில் வீட்டுக்குப் போகும்போது வருகிறது. அந்தப் பதிலைச் சொல்லியே தீர வேண்டும். இதற்குள் கிண்டல் அடித்தவன் ஒஹையோ மாநிலத்தில் அக்ரன் என்கிற ஊருக்கு வேலை மாறிப் போய்விட்டான். ஜார்ஜ் விமானம் ஏறி, இறால் தட்டோடு அங்கேயே போய் உட்கார்ந்து, அவன் மறுபடி வாயைத் திறப்பதற்குக் காத்திருக்கிறான். நேரத்துக்கு வராத பதில் ராத்திரி முழுக்கத் தூங்கவிடாத அவஸ்தை யாருக்குத்தான் தெரியாது? விமானப் பயணம் கடைசி சீசன்களின் மிகைதான். அவஸ்தை முதல் சீசன்களுடையது. இரண்டும் சேர்ந்தபோது எப்படி இருக்கும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

டிசம்பர் 1997-இல் வந்த ‘ஃபெஸ்டிவஸ்’ எபிசோடும் இந்தக் கணக்கில் சேரும். ஜார்ஜின் அப்பா கிறிஸ்துமஸ் வியாபாரத்தில் வெறுத்துப்போய்த் தானே கண்டுபிடித்த பண்டிகை. அலங்காரம் எதுவுமில்லாத ஓர் அலுமினியக் கம்பத்தை நட்டுவைத்து, சாப்பாட்டு மேஜையில் ஒவ்வொருவராக மற்றவர்கள் மேல் இருக்கும் குறையைக் கொட்ட வேண்டும். டான் ஓகீஃப் என்கிற எழுத்தாளரின் அப்பா உண்மையாகவே வீட்டில் நடத்திய விழா அது. மகனுக்கு அது பெரிய சங்கடமாகவே இருந்திருக்கிறது. மறுபடியும் உண்மையான முள்ளிலிருந்து முளைத்த கதை. எங்கள் தெருவில் ஆடி மாதம் கூழ் ஊற்றி முடித்த மறுநாள் வசூல் கணக்குப் பார்க்க உட்காருவார்களே, அதற்கு ஒரு கம்பம் நட்டால் போதும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. லாரி இருந்தவரை எல்லாம் தரையில் நடந்தது என்பதும் சரியில்லை. 1994-இல், ஐந்தாவது சீசனில், கடல் உயிரினங்களைப் படித்தவன் என்று ஒரு பெண்ணிடம் பொய் சொன்ன ஜார்ஜ், கரையில் மூச்சுத் திணறும் திமிங்கலத்துக்கு முன்னால் மாட்டிக்கொள்கிறான். அதன் மூச்சுத் துவாரத்தை அடைத்திருப்பது கிரேமர் கடலில் அடித்த கோல்ஃப் பந்து. பொய் அம்பலமாகிவிடுமோ என்கிற பயத்தில் கூச்சம் பளபளக்கிறது, கதையோ ஏற்கெனவே நாலு கட்டையில் முட்டிக்கொண்டிருக்கிறது. சூப் கடை எபிசோடை 1995-இல் எழுதியதும் பிற்பாடு கை ஓங்கிய அதே ஃபெரஸ்டன்தான். உறை நக்கிச் செத்த சூசன் லாரியின் சொந்தக் கைங்கரியம். சரிவு என்றால் சரிவு. அது 1996-இல் திடீரென்று வந்த பள்ளம் இல்லை. ஐந்தாவது சீசனிலிருந்தே வண்டி அந்தப் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது. லாரி பிரேக்கில் கால் வைத்திருந்தார், அவ்வளவுதான்.

‘லாரி போனார், தொடர் போயிற்று’ என்பவர்களுக்கு நெஞ்சில் குத்தும் செய்தி ஒன்று உண்டு. கடைசி எபிசோடை எழுதுவதற்கு லாரி திரும்பி வந்தார். அமெரிக்காவில் மட்டும் 7 கோடியே 63 லட்சம் பேர் அன்றிரவு பார்த்தார்கள். தொடரிலேயே அதிகம் திட்டு வாங்கிய எபிசோடுகளில் அதுவும் ஒன்று. கதை இதுதான்: வழிப்பறி நடப்பதை நாலு பேரும் நின்று வேடிக்கை பார்த்து, பறிகொடுத்தவனைக் கிண்டலும் செய்ததற்காக, ஆபத்தில் இருப்பவருக்கு உதவாத குற்றத்தில் கைதாகிறார்கள். ஒன்பது சீசனில் அவர்கள் நோகடித்தவர்கள் எல்லாம் வரிசையாக வந்து சாட்சி சொல்கிறார்கள். ஒரு வருஷம் ஜெயில். லாக்கப்பில் உட்கார்ந்து ஜெர்ரி ஜார்ஜின் சட்டைப் பொத்தானைப் பற்றிப் பேசுகிறான். முதல் எபிசோடில் பேசிய முதல் பேச்சே அதுதான்.

கருத்தாகப் பார்த்தால் அழகான முடிவு. யாரும் எதையும் கற்றுக்கொள்ளக் கூடாது என்ற சட்டத்தைக் கடைசிவரை காப்பாற்றினார். பார்த்தவர்களுக்கு ஏன் கசந்தது? என் கணக்கில், நீதிமன்றம் என்பது மானத்துக்கு மிகப் பெரிய கூடாரம். நாலு பேர் பார்ப்பார்களே என்று பயந்த ஆட்களை ஊரே கூடி விசாரிக்கும் இடம். லாரி ஏழாவது சீசன் ஆட்களை மனதில் வைத்து அதை எழுதினார். கூண்டில் நின்றதோ ஒன்பதாவது சீசன் ஆட்கள். வெட்கம் விட்டுப்போனவனை நிற்கவைத்து ஊர் கூடித் திட்டினால் அவனுக்கு என்ன, நமக்குத்தான் அலுப்பு. லாரிக்கே அந்த முடிவு உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். 2024 ஏப்ரலில் தன்னுடைய ‘கர்ப் யுவர் என்தூசியாசம்’ தொடரை முடிக்கும்போது மறுபடி ஒரு வழக்கு, மறுபடி பழைய ஆட்களின் சாட்சி, மறுபடி ஜெயில் என்று அதையே திருப்பிப் போட்டு, ஜெர்ரியையே கூட்டிவந்து, வேறு மாதிரி முடித்தார். 26 வருஷம் கழித்துச் சொன்ன பதில்.

உருவாக்கியவர் போனால் தொடர் என்ன ஆகும் என்பதற்கு ஒரே விடை கிடையாது. ‘மேஷ்’ தொடரிலிருந்து லாரி கெல்பார்ட் நான்காவது சீசனோடு போனார். அது மெல்லச் சோகம் கூடிய வேறொரு தொடராகி 1983 வரை பிரமாதமாக ஓடியது. ‘ஃப்ரேசியர்’ எழுத்தாளர்கள் கிறிஸ்டோபர் லாய்டும் ஜோ கீனனும் நடுவில் போய், கடைசி சீசனுக்குத் திரும்பி வந்தார்கள். வந்தது திரையிலேயே தெரிந்தது. ‘தி ஆபீஸ்’ விஷயத்தில் போனது எழுதியவர் அல்ல, 2011-இல் கதாநாயகன். அதற்கப்புறம் வந்த இரண்டு சீசனைப் பற்றி நான் பேசப் போவதில்லை, கிளப்பில் அடிதடியாகிவிடும்.

நான் இந்தத் தொடரை முதலில் பார்த்தது பீச் ஸ்டேஷன் பக்கம் பிளாட்பாரத்தில் வாங்கிய டிஸ்க்குகளில். ஒரே டிஸ்க்கில் மூன்றாவது சீசன் ஒன்று, எட்டாவது சீசன் இரண்டு, நடுவில் வேறேதோ படத்தின் பாதி என்று இருக்கும். எது முன்னால் எது பின்னால் என்றே தெரியாது. அப்போதெல்லாம் எனக்குச் சறுக்கல் எதுவும் கண்ணில் படவில்லை. சில நாள் கிறுக்குச் சாப்பாடு, சில நாள் வீட்டுச் சாப்பாடு, அவ்வளவுதான். 2021 அக்டோபரில் நெட்ஃபிளிக்ஸில் வந்தபோது வரிசையாக உட்கார்ந்து பார்த்தேன். ராத்திரி பத்து மணிக்கு ஏழாவது சீசன் முடிகிறது, பதினோரு மணிக்குள் எட்டாவதில் இருக்கிறோம். ஒரு மணி நேரம்கூட இடைவெளி இல்லாமல் பார்ப்பவனுக்குத்தான் ஆட்கள் மாறியது முகத்தில் அறைகிறது. அன்றைக்கு வாரம் ஒன்றாக வியாழக்கிழமை பார்த்த அமெரிக்கர்களுக்கு நடுவில் ஒரு முழுக் கோடைக்காலம் இருந்தது. அண்ணனும் நெட்ஃபிளிக்ஸில்தான் பார்த்தார். அவரோடு உட்கார்ந்து டிஸ்க் பார்த்திருந்தால் இந்தச் சண்டையே வந்திருக்காதோ என்னவோ.

அந்த மழை நாளுக்கு அப்புறம் மூன்று நாள் அண்ணன் கிளப்புக்கு வரவில்லை. நாலாம் நாள் எம்.சி. ரோட்டில் ஒரு துணிக்கடை வாசலில் நான் நின்றுகொண்டிருந்தேன். எதிர்ப்பக்கத்திலிருந்து அத்தனை ஷேர் ஆட்டோவுக்கும் மீன்பாடி வண்டிக்கும் நடுவில் கையைக் காட்டிக் காட்டி ரோட்டைத் தாண்டி வந்தார். ஏதாவது அவசரமோ என்று நானும் ரெண்டு அடி முன்னால் போனேன். மூச்சு வாங்க நின்று, நிதானமாகச் சொன்னார்:

“நானாவது ஃபாலோவ விட்டேன். நீ ரெட்டயே பார்த்ததில்லையேடா.”

சொல்லிவிட்டு வந்த வழியே திரும்பிப் போய்விட்டார். எனக்கு அந்த இடத்தில் பதில் வரவில்லை. இன்றைக்கு வியாழக்கிழமை, இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.